போர்டைப் பாத்துப் பாத்து வாங்குறீங்க, பேடிலை யாரு பாக்குறது?

போன வாரமும் ஒருத்தர் வந்தாரு. ஆன்லைன்ல ஸ்டாண்ட் அப் பேடில் போர்டு, அதாவது மேல நின்னுக்கிட்டு துடுப்பு போட்டு ஓட்டுற பலகை, அதுக்கான துடுப்பும் (பேடில்) சேந்த செட் ஒண்ணு வாங்கி, முட்டுக்காடு பேக்வாட்டர்ல ரெண்டு மூணு தடவ எறங்கிப் பாத்துட்டு, வலது தோளைத் தூக்கவே முடியலைன்னு வந்து நிக்கிறாரு. போர்டு சரியில்லையா சார், வேற மாத்தணுமான்னு கேள்வி வேற. போர்டு இருக்கட்டும், மொதல்ல பேடிலை எடுங்கன்னேன். அலுமினியம், தூக்கிப் பாத்தாலே ஒரு கிலோவுக்கு மேல, பிளேடு, அதான் தண்ணிக்குள்ள போற அகலமான அடிப்பாகம், முறம் சைஸுக்கு, நீளம் அவர் நெத்திக்குக்கூட வரல, சரி பிடிச்சுக் காட்டுங்கன்னா பிளேடைத் திருப்பிப் பிடிக்கிறாரு. இதே தோள் வலியோட, இதே செட்டோட ஆளுங்க வந்துக்கிட்டே இருக்காங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா சொல்றதுக்கு மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

நான் இங்க பேசுறது அலை இல்லாத தண்ணிக்கு மட்டும்தான். பேக்வாட்டர், ஏரி, காயல் இதுக்கெல்லாம். அலைல ஓட்டுற போர்டு தனி ஜாதி, நீளம் கம்மியா, மூக்கு மேல வளைஞ்சு இருக்கும். செகண்ட் ஹேண்ட்ல மலிவா கிடைக்குதேன்னு அதை வாங்கிட்டு வந்து பேக்வாட்டர்ல போட்டா நேரா போகவே போகாது, நாலு துடுப்பு போடுறதுக்குள்ள வட்டம் அடிக்கும். வேண்டாம்.

இப்ப பேடிலுக்கு வரேன். "பேடில்தானே சார், செட்டோட வந்துச்சு, அது போதும்." இதைக் கேட்டாலே எனக்குக் கோவம் வந்துடுது. ஏன்னு கணக்காவே சொல்றேன். நிதானமா போனாலே நிமிஷத்துக்கு 40 தடவையாச்சும் துடுப்பு போடுவீங்க, ஒரு மணி நேரத்துக்கு 2400 ஆச்சு. அத்தனை தடவையும் அதைத் தண்ணிலேர்ந்து உருவித் தூக்கி முன்னாடி கொண்டு போறது உங்க தோள். செட்டோட வர்ற அலுமினியம் பேடில் ஒரு கிலோ கிட்ட இருக்கும், ஃபைபர்கிளாஸ்னா 700, 800 கிராம், நல்ல கார்பன்னா 500லேர்ந்து 650 கிராம். அலுமினியத்துக்கும் கார்பனுக்கும் நடுவுல 400 கிராம்னு வச்சுக்கிட்டாலே, 2400 தடவைக்கு 960 கிலோ. ஒரு மணி நேரத்துல கிட்டத்தட்ட ஒரு டன் சும்மா கூடுதலா தூக்குறீங்க, அதுவும் கையை நீட்டி வச்சுக்கிட்டு. ஆனா கடைல நின்னு மணிக்கணக்கா விசாரிக்கிறது என்னன்னா போர்டு 9 கிலோவா 11 கிலோவான்னு. போர்டைத் தண்ணி தூக்கிக்கும்ங்க, காரை நிறுத்துன எடத்துலேர்ந்து கரை வரைக்கும்தான் அந்த ரெண்டு கிலோ உங்களுக்குக் கனக்கும். துடுப்பைத் தூக்க வேற ஆளே கிடையாது, நீங்க மட்டும்தான்.

அதனால நான் எல்லார்கிட்டயும் சொல்றது, கைல இருக்குற காசுல மூணுல ஒரு பங்கைப் பேடிலுக்குன்னு தனியா எடுத்து வச்சுட்டு மீதிக்குப் போர்டு பாருங்க. போர்டுல ஒரு படி எறங்கி வாங்குனாலும் பரவால்ல, பேடில்ல எறங்காதீங்க. முழு கார்பனுக்குக் காசு பத்தலையா, ஃபைபர்கிளாஸ் வாங்குங்க, தாராளமா போதும். "கார்பன்"னு ஸ்டிக்கர் ஒட்டினதைப் பாத்து மட்டும் ஏமாந்துடாதீங்க, நிறைய செட்ல தண்டு மட்டும்தான் கார்பன் கலப்பு, பிளேடு கனமான நைலான். எடை முழுக்க அடிப்பக்கம் இருந்தா, மொத்த எடை கம்மின்னு போட்டிருந்தாலும் கைக்குக் கனமாத்தான் தெரியும். மேல் கைப்பிடியப் பிடிச்சு, துடுப்பு போடுற மாதிரி பத்து தடவ முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க, அப்பவே தெரிஞ்சிடும். கட்டுமரத்துல துடுப்பு போட்டுப் பழகுன பெரியவங்க கைல ஒரு துடுப்பைக் குடுத்துப் பாருங்க, முதல்ல அதைத் தூக்கி ஆட்டித்தான் பாப்பாங்க, பேரு என்ன பிராண்டு என்னன்னு கேக்க மாட்டாங்க.

நீளம். அலையில்லாத தண்ணிக்கு உங்க உயரத்தை விட 20லேர்ந்து 25 சென்டிமீட்டர் கூட இருக்கணும். 165 சென்டிமீட்டர் ஆளுன்னா 185, 190 வச்சுக்குங்க. டேப் இல்லையா, துடுப்பை நேரா நிறுத்தி ஒரு கையைத் தலைக்கு மேல தூக்கி நீட்டுங்க, கைப்பிடி மணிக்கட்டுக்கிட்ட வரணும். இதை விடக் கட்டையா வச்சீங்கன்னா ஒவ்வொரு தடவையும் இடுப்பை வளைச்சுக் குனிவீங்க, ராத்திரி முதுகு பேசும். நீளத்தை ஏத்தி எறக்குற பேடில்ல க்ளாம்ப்புக்குள்ள மணல் போய் உக்காந்துக்கும், உப்புத்தண்ணி வேற, ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணில கழுவி கழட்டிக் காய வைங்க. இல்லன்னா ஒண்ணு நடுத்தண்ணில வழுக்கிக் கட்டையாயிடும், இல்ல கழட்டவே வராம இறுகிப் போயிடும்.

பிளேடு பெருசா இருந்தா வேகமா போகலாம்னு ஒரு நினைப்பு இருக்கு பாருங்க, அதுவும் தப்பு. 75 கிலோவுக்குள்ள இருக்குறவங்களுக்கு 80லேர்ந்து 90 சதுர இன்ச் பிளேடு தாராளம். செட்ல பெரும்பாலும் 100க்கு மேல குடுத்துடுறாங்க, ஒவ்வொரு இழுப்புலயும் தோள் மூட்டு வாங்குற அடி இதனாலதான் கூடுது.

அப்பறம் அந்தத் திருப்பிப் பிடிக்கிற விஷயம். இதை நிறுத்தி நிதானமா சொல்றேன், ஏன்னா பத்துப் பேரைப் பாத்தா அதுல பாதிக்கு மேல தப்பாத்தான் பிடிக்கிறாங்க. பிளேடு தண்டோட நேர்கோட்டுல இருக்காது, சுமார் 10 டிகிரி மடங்கி இருக்கும். அந்த மடிப்பு போர்டு மூக்குப் பக்கம், அதாவது உங்களை விட்டு விலகி முன்னாடி பாக்கணும். எல்லாரும் என்ன நினைக்கிறாங்கன்னா, கரண்டியால குழம்பு அள்ளுற மாதிரி தண்ணிய அள்ளி இழுக்கணும்னு நினைச்சு, குழிவான பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிக்கிறாங்க. தண்ணிய அள்ளவே கூடாதுங்க. துடுப்பைத் தண்ணிக்குள்ள நட்டு, அதைப் பிடிச்சுக்கிட்டு போர்டை முன்னாடி கொண்டு வரணும். மடிப்பு முன்னாடி பாத்து இருந்தா, முன்னாடி எட்டிப் போட்ட பிளேடு உங்க காலுக்கிட்ட வர்ற வரைக்கும் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தா இருந்து தண்ணியப் பின்னாடி தள்ளும். திருப்பிப் பிடிச்சா பாதிலயே பிளேடு படுத்துடும், தண்ணியப் பின்னாடி தள்ளுறதுக்குப் பதிலா மேல தூக்கும், போர்டோட வால் அமுங்கும், நீங்க இழுத்த பலம் பாதி வீண். லோகோ எந்தப் பக்கம்னு பாத்துப் பிடிக்காதீங்க, நிறைய பிராண்டுல அது முன்பக்கம்தான் இருக்கும், ஆனா எல்லாத்துலயும் அப்படி இல்ல. மடிப்பைப் பாருங்க, அது ஏமாத்தாது. காலுக்குப் பின்னாடி இழுக்காதீங்க, கால் கிட்ட வந்ததும் வெளிய எடுத்துடுங்க. மேல் கை எப்பவும் கைப்பிடி உச்சில, ரெண்டு கையையும் தண்டுல வச்சு ஓட்டாதீங்க. பக்கம் மாத்தும்போது கையும் மாறணும்.

இனி போர்டு. பெட்டி மேல "150 கிலோ வரை தாங்கும்"னு போட்டிருப்பான். தாங்கும், முழுகாது, அவ்ளோதான் அதுக்கு அர்த்தம். 130 கிலோவ ஏத்துனா ஒழுங்கா ஓடும்னு அர்த்தம் இல்ல. பம்பு வச்சு காத்தடிக்கிற போர்டுல கனம் ஏற ஏற நடுப்பகுதி உள்வாங்கும், மூக்கும் வாலும் மேல ஏறும், தண்ணிய இழுத்துக்கிட்டே போகும், பக்கவாட்டுல ஆடும். நிக்கிறவர் எனக்கு பேலன்ஸே வரலைன்னு மனசு விட்டுடுறாரு. உங்களுக்கு பேலன்ஸ் எல்லாம் இருக்கு சார், போர்டுதான் உங்களுக்குப் பத்தல. உங்க எடை, கூட ஏத்துற பை, தண்ணி பாட்டில், முன்னாடி உக்கார வைக்கிற குழந்தை எல்லாம் சேந்து போட்டிருக்குற அளவுல மூணுல ரெண்டு பங்குக்குள்ள இருக்கணும், இது நான் வச்சிருக்குற கணக்கு. 150ன்னு போட்டிருந்தா 100. தடிமன் 6 இன்ச்சுக்குக் கொறைஞ்சதை, முக்கியமா அந்த 4 இன்ச் போர்டை, பெரியவங்க யாரும் வாங்காதீங்க.

ஹார்ட் போர்டுன்னா, அதாவது காத்தடிக்காத கெட்டிப் பலகைன்னா, லிட்டர் (போர்டோட கன அளவு) பாருங்க, புதுசா கத்துக்கிறவங்களுக்கு உடம்பு எடை மாதிரி ரெண்டு மடங்கு, 80 கிலோவுக்கு 160 லிட்டருக்குக் கொறையாம. இந்த லிட்டரைக் காத்தடிக்கிற போர்டோட லிட்டரோட ஒப்பிடாதீங்க, பத்தரை அடில 32 இன்ச் அகலத்துல 6 இன்ச் தடிமன்ல இருக்குறது சுலபமா 300 காட்டும், ரெண்டும் தண்ணில உக்கார்ற விதமே வேற.

அகலம் அதிகமா இருந்தா நல்லதுன்னு கடைக்காரங்க சொல்லிடுறாங்க. எல்லாருக்கும் இல்ல. அஞ்சடி உயரம் இருக்குற ஒரு பொண்ணை 34 இன்ச் போர்டுல நிக்க வச்சா, துடுப்பு தண்ணியத் தொடவே கையை வெளிய எட்டணும், தண்டு சாஞ்சுடும், ஒவ்வொரு இழுப்புக்கும் போர்டு எதிர்ப்பக்கம் திரும்பும், பாவம் அந்தப் பொண்ணு பக்கத்துக்குப் பக்கம் மாத்தியே களைச்சுடும். சின்ன உடம்புக்கு 30, 31 போதும். நடுத்தரமா இருக்குறவங்களுக்கு 32. சும்மா கரையோரமா சுத்த, வீட்டுல நாலு பேர் மாத்தி மாத்தி ஓட்ட பத்தரை அடி ஆல்ரவுண்ட் போர்டு நல்லது. ரெண்டு மூணு கிலோமீட்டர் போய்ட்டு வரணும்னு ஆசை இருக்குறவங்க பதினொன்றரைலேர்ந்து பன்னண்டரை அடி டூரிங் போர்டு பாருங்க, மூக்கு கூரா இருக்கும், நேரா போகும், அதே உழைப்புக்குத் தூரம் கூடக் கிடைக்கும். ரேஸ் போர்டைப் பத்தி இப்ப நினைக்காதீங்க.

அபார்ட்மெண்ட்ல மூணாவது மாடில இருக்கீங்க, லிஃப்ட்டுல நுழையாதுன்னா காத்தடிக்கிறதுதான் சரி. ஆனா காத்தை முழுசா அடிங்க! கைப்பம்புல கொஞ்ச நேரத்துக்கு மீட்டர் முள்ளே நகராது, பம்பு கெட்டுப் போச்சுன்னு நினைப்பாங்க, அப்பறம் 8 வந்ததும் கை வலிக்குதுன்னு நிறுத்திடுவாங்க. நிறைய போர்டுக்கு 15 பிஎஸ்ஐ (மீட்டர் காட்டுற காத்தழுத்தம்) வேணும், உங்க போர்டுல வால்வுக்கிட்ட எழுதியிருக்குறதைப் பாத்து அதுவரைக்கும் அடிங்க, முடியலைன்னா கார்ல செருகுற எலக்ட்ரிக் பம்பு வாங்கிக்குங்க. அடிச்சுட்டு வெயில்ல போட்டுட்டு டீ குடிக்கப் போகாதீங்க. 30 டிகிரில 15 அடிச்ச போர்டுக்குள்ள காத்து 55 டிகிரி வரைக்கும் சூடாச்சுன்னா அழுத்தம் 17½ கிட்ட போயிடும், ஒட்டின தையல் பக்கமெல்லாம் அப்படித்தான் விட்டுப்போகுது. நிழல்ல போடுங்க, இல்ல தண்ணிலயே விடுங்க.

போர்டுக்கு அடில மாட்டுற ஃபின், மீன் துடுப்பு மாதிரி இருக்குமே, அதோட வளைவு வாலைப் பாக்கணும். 9 இன்ச் ஃபின்னோட பழவேற்காடு மாதிரி ஆழமில்லாத காயல்ல போனீங்கன்னா சேத்துல குத்தி போர்டு டக்குனு நிக்கும், நீங்க நிக்க மாட்டீங்க. 4, 5 இன்ச்ல சின்ன ஃபின் ஒண்ணு கூட வச்சுக்குங்க. பாலத்தூண் பக்கம் சிப்பி ஒட்டியிருக்கும், விழுந்தா காலைக் கிழிச்சுடும், தள்ளியே ஓட்டுங்க.

லைஃப் ஜாக்கெட் போடுங்க. நீச்சல் தெரியும்ங்கறது பதிலே இல்ல. இடுப்புல பெல்ட் மாதிரி கட்டி கயிறை இழுத்தா ஊதுற வகை பழகினவங்களுக்குத்தான், புதுசா வர்றவங்க ஃபோம் ஜாக்கெட்டே போடுங்க. லீஷ், அதாவது போர்டையும் உங்களையும் சேத்துக் கட்டுற கயிறு, அதைக் கட்டாம எறங்காதீங்க, விழுந்தா காத்து போர்டைத் தள்ளிட்டுப் போற வேகத்துக்கு உங்களால நீந்திப் பிடிக்க முடியாது. ஓடாத தண்ணில சுருள் லீஷைக் கால்ல கட்டலாம். தண்ணி ஓடுற எடம், பாலத்தூண், படகு கட்டியிருக்குற எடம், முகத்துவாரம்னா கால்ல கட்டவே கட்டாதீங்க, இடுப்புல கட்டி ஒரே இழுப்புல கழட்டிக்கிற வகை வேணும். போர்டு ஒரு பக்கமும் நீங்க ஒரு பக்கமும் தூண்ல மாட்டிக்கிட்டா குனிஞ்சு கால் லீஷைக் கழட்ட ஓடுற தண்ணி விடாது. 2021 அக்டோபர் 30ஆம் தேதி வேல்ஸ்ல ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் ஊர்ல ஆத்துக்குக் குறுக்க இருக்குற தடுப்பணையத் தாண்டிப் போன பேடில் போர்டு குழுல நாலு பேர் செத்துப் போனாங்க, லீஷும் ஜாக்கெட்டும் அந்த எடத்துக்குப் பொருத்தமா இல்லைன்னு விசாரணைல சொன்னாங்க. நம்ம ஊர்ல எந்த ஆத்துலதான் தடுப்பணை இல்ல? மேலேர்ந்து பாத்தா தண்ணி அமைதியா வழியுற மாதிரிதான் இருக்கும், கீழ விழுந்தவனைச் சுழட்டி அங்கயே வச்சுக்கும். தயவு பண்ணி அந்தப் பக்கமே போகாதீங்க, ஏரித் தண்ணி வழிஞ்சு வெளியேறுற கலிங்கல் பக்கமும்தான்.

அப்பறம் காத்து. சென்னைப் பக்கம் ஜூன் ஜூலைல காலைல மேலக்காத்து அடிக்கும், கரையோரக் கடல் ஆடாம அசையாம கெடக்கும், அதைப் பாத்து பேக்வாட்டர்ல ஓட்டுறவங்க கடல்ல எறங்கிடுறாங்க. அந்தக் காத்து உங்களை நேரா நடுக்கடலுக்குத் தள்ளும், நிக்கிற உடம்பே அதுக்குப் பாய். அந்த நேரத்துல கடல் வேண்டவே வேண்டாம். பேக்வாட்டர்ல மத்தியானம் கடல்காத்து ஏறும், அப்ப கிளம்புறீங்கன்னா காத்தை எதுத்துப் போங்க, களைச்சுத் திரும்பும்போது அது உங்களைக் கொண்டு வந்து விட்டுடும். காத்து திடீர்னு கூடிட்டா நின்னுக்கிட்டு போராடாதீங்க, முட்டி போடுங்க, பேடிலைக் கட்டை பண்ணிக்குங்க, கரையோரமாவே வாங்க.

வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு சைஸ் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்க, ஒவ்வொண்ணுலயும் அரை மணி நேரமாச்சும். போர்டை மட்டும் மாத்தாம பேடிலையும் மாத்திக் குடுங்கன்னு கேளுங்க, குடுப்பாங்க. செட்டா வாங்குறீங்கன்னா அந்தப் பேடிலை எடுத்துக்கிட்டு விலைல எவ்ளோ கொறைப்பீங்கன்னு கடைக்காரர்கிட்ட கேட்டுப் பாருங்க, கொறைக்கலைன்னா வாங்கி யாராச்சும் விருந்தாளி வந்தா குடுக்கலாம்னு வச்சுக்குங்க, ஆனா உங்களுக்குன்னு ஒண்ணு தனியா வாங்குங்க.