போன் கீழே விழுந்தால் விழட்டும், நீங்கள் இறங்காதீர்கள்

மறுபடியும் ஒருவர் தண்டவாளத்தில் இறங்கிவிட்டார். இந்த முறை காதில் மாட்டும் பட்ஸ். அதுவும் ஒற்றை.

லண்டன் பாதாள ரயிலில், நிலைய ஊழியனாக வேலை பார்க்கிறேன். அந்தத் தம்பிக்கு நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. மேலே இழுத்துப் போட்ட பிறகு என் பெயர்ப் பட்டையைப் படித்துவிட்டுத் தமிழிலேயே சொன்னான்: "அண்ணா, போர்டுல இன்னும் மூணு நிமிஷம்னு போட்டிருந்துச்சே."

இந்த மூன்று நிமிடக் கணக்குதான் என்னை எழுத வைக்கிறது. இதே பதிலை எத்தனை பேரிடம் கேட்பது? அந்த போர்டு, நீங்கள் ஏற வேண்டிய அடுத்த ரயில் ஏறக்குறைய எப்போது வரும் என்று சொல்கிறது. அவ்வளவுதான். அதுவரை பாதை காலியாக இருக்கும் என்று அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. பயணிகளை ஏற்றாமல் பணிமனைக்குப் போகும் காலி ரயிலும் அதே தண்டவாளத்தில்தான் வரும். மூன்று என்று காட்டிய எண் சட்டென்று ஒன்றாக மாறுவதைத் தினமும் பார்க்கிறோம். சுரங்கத்துக்குள் இருந்து வரும் டிரைவர் உங்களைப் பார்த்து முழு பிரேக்கும் போட்டால்கூட, பிளாட்ஃபார்மின் பெரும்பகுதியைக் கடந்துதான் ரயில் நிற்கும்.

சரி, மூன்று நிமிடம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். இறங்க ஒரு நொடி போதும், ஏறுவது எப்படி? படி கிடையாது, பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. ஆழத்தில் இருக்கும் நிலையங்கள் பலவற்றில் தண்டவாளங்களுக்கு நடுவே குழி வெட்டியிருக்கிறார்கள். விழுந்தவர்மேல் ரயில் ஏறாமல் தப்ப வாய்ப்பாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு அது. போன் போய் விழுவதும் பெரும்பாலும் அந்தக் குழியில்தான். அங்கிருந்து கை நீட்டிப் பாருங்கள், பிளாட்ஃபார்ம் விளிம்பு எவ்வளவு உயரம் என்று அப்போதுதான் புரியும்.

அப்புறம் கரண்ட். 'மூன்றாவது தண்டவாளத்தை மட்டும் மிதிக்காமல் இருந்தால் போதும்' என்று நண்பர்கள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நியூயார்க்கில் மூன்றுதான். லண்டனில் நான்கு. சக்கரம் ஓடும் இரண்டும் போக, ஓரத்தில் ஒன்று +420 வோல்ட், நட்டநடுவில் இன்னொன்று −210 வோல்ட். இரண்டுக்கும் இடையே 630. சில பாதைகளில் 750 ஆகவும் உயர்த்தியிருக்கிறார்கள். குழிக்கு மேலே போகிறதே, நடுத் தண்டவாளம், அதிலும் மின்சாரம் ஓடுகிறது. நீங்கள் குனிந்து கை நீட்டுவது அதன் பக்கத்தில்தான்.

எங்களிடம் சொல்லுங்கள். நீளமான பிடிகோல் வைத்திருக்கிறோம். மேலே நின்றபடியே எடுத்துத் தர முடிந்தால் தருவோம். முடியாவிட்டால் இரவு ரயில்கள் நின்று, மின்சாரம் துண்டித்த பிறகு எடுப்போம். ஒரு ராத்திரி போன் இல்லாமல் இருங்கள், ஒன்றும் கெட்டுவிடாது. நீங்கள் இறங்கினால் பாதை முழுவதற்கும் மின்சாரத்தை நிறுத்த வேண்டியிருக்கும். பின்னால் வரும் ரயில்கள் சுரங்கத்துக்குள் நிற்கும். அதில் மூச்சு முட்டி மயங்கி விழும் அம்மாவையும் நாங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

எல்லோரும் வேண்டுமென்றே இறங்குவதில்லை, விழுபவர்களும் உண்டு. வெள்ளி, சனி இரவுகளில் பாட்டில் வாசத்தோடு விளிம்பில் தள்ளாடுபவர்களை நகர்த்தி நகர்த்தியே எங்கள் தோள் வலிக்கும். உங்கள் நண்பர் குடித்திருந்தால் வண்டி வரும்வரை சுவர்ப் பக்கமாக உட்கார வையுங்கள். அவர் நன்றாகத்தான் இருக்கிறார் என்று தயவுசெய்து என்னிடம் வாதாடாதீர்கள்.

வளைந்த பிளாட்ஃபார்ம்களில் ரயிலுக்கும் விளிம்புக்கும் நடுவே இடைவெளி இருக்கும்; அங்கே குடிக்காதவர்களும் கவனமாக இருக்க வேண்டும். 'இடைவெளியைக் கவனியுங்கள்' என்ற அறிவிப்பைக் கிண்டல் செய்து டீ சட்டையில் போட்டு விற்கிறார்கள். 2020 மே 26 அன்று, வாட்டர்லூ நிலையத்தின் பேக்கர்லூ பாதையில், ரயிலைவிட்டு இறங்கிய ஒருவர் அந்த இடைவெளிக்குள் விழுந்து மாட்டிக்கொண்டார். கொரோனா காலம், குரல் கொடுக்கவும் அதிகம் ஆளில்லை. அவருடைய தலையும் கையும் மட்டுமே பிளாட்ஃபார்முக்கு மேலே இருந்தன. கேமராத் திரையில் அது டிரைவரின் கண்ணில் படவில்லை, ரயில் புறப்பட்டுவிட்டது. பிறகு அடுத்த ரயிலும் வந்தது. அவர் பிழைக்கவில்லை. பாதாள ரயிலில் டிரைவரோடு கூட வந்து கதவுகளைக் கவனிக்கும் கார்டுகள் என்று யாரும் இப்போது கிடையாது, 2000ஆம் ஆண்டோடு அந்த வேலை போய்விட்டது. ஒரே ஒரு டிரைவர், சில சிறு திரைகள்.

கதவும் லிஃப்ட் கதவு போலத் தானாகத் திறந்துகொள்ளாது. கை அளவு பருமன் இருந்தால் அதற்குத் தெரியும். மெல்லிய துணி தெரியாது. 2014இல் ஹோல்போர்னில் கழுத்துத் துண்டும், 2015இல் கிளாபம் சவுத்தில் கோட்டும் கதவில் சிக்கி, இரண்டு பயணிகள் பிளாட்ஃபார்மில் இழுத்துச் செல்லப்பட்டார்கள். சேலை முந்தானை, துப்பட்டா, பையின் வார், எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். மூடும் கதவுக்குள் பாயாதீர்கள், குறிப்பாகக் குழந்தை வண்டியை முன்னால் நீட்டிக்கொண்டு. காத்திருக்கும்போது அந்த வண்டியின் பிரேக்கைப் போட்டு, தண்டவாளத்தை நோக்கி நிறுத்தாமல் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள்.

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சென்னை மெட்ரோவின் சுரங்க நிலையங்களிலும் சிங்கப்பூரிலும் பிளாட்ஃபார்ம் ஓரத்தில் கண்ணாடித் தடுப்புக் கதவு உண்டு. இங்கே அது 1999இல் நீட்டித்த ஜூபிலி பாதையின் சுரங்க நிலையங்களிலும், எலிசபெத் பாதையின் மையப் பகுதியிலும்தான். மற்ற இடங்களில் மஞ்சள் கோடு மட்டுமே. கண்ணாடிக்குப் பழகியவர்கள் அந்தப் பழக்கத்திலேயே விளிம்பு வரை வந்து நிற்கிறார்கள்.

யாராவது விழுந்துவிட்டால் காப்பாற்ற நீங்களும் குதிக்காதீர்கள். 2001இல் டோக்கியோவின் ஷின்-ஓகுபோ நிலையத்தில் தண்டவாளத்தில் விழுந்தவரைத் தூக்க இறங்கிய இருவரும் அவரோடு சேர்ந்தே இறந்தார்கள். சத்தம் போடுங்கள். பிளாட்ஃபார்மில் இருக்கும் உதவிக் கருவியில் அவசரப் பொத்தானை அழுத்துங்கள். கூட இன்னொருவர் இருந்தால் அவர் ரயில் வரும் முனைக்கு ஓடி, விளிம்பிலிருந்து தள்ளி நின்று, டிரைவருக்குத் தெரியும்படி இரண்டு கையையும் ஆட்டட்டும். விழுந்தவரிடம் எந்தத் தண்டவாளத்தையும் தொட வேண்டாம் என்று கத்திச் சொல்லுங்கள். மற்றதை எங்களிடம் விடுங்கள். மின்சாரத்தை நிறுத்தும் வழி எங்களிடம்தான் இருக்கிறது.