ஊருக்குப் போகும் அடுப்பில் எந்த ஜெட் இருக்கிறது?

மும்பையில் சிலிண்டரை விட்டுக் குழாய் எரிவாயுவுக்கு மாறும் வீடுகளில் அடுப்பை மாற்றிக் கொடுப்பது என் தொழில். செம்பூர், சயான் பக்கம் நம் தமிழ்க் குடும்பங்களிடம் போனால் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்பேன்: இந்த அடுப்பு என்றைக்காவது ஊருக்குப் போகுமா?

பர்னருக்குள் வாயுவைப் பீய்ச்சும் சிறு பித்தளை ஜெட்தான் இந்தக் கேள்விக்குக் காரணம். அதன் நடுவில் இருப்பது ஊசி முனை நுழையும் அளவே உள்ள துளை. சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. ரெகுலேட்டர் அதை ஏறத்தாழ 30 மில்லிபார் அழுத்தத்தில் விடுகிறது. குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். அழுத்தம் 21 மில்லிபார் அளவுதான். ஒரே கன அளவை எரித்தால் சிலிண்டர் வாயு இரண்டரை முதல் மூன்று மடங்கு வெப்பம் தரும். அதனால் பழைய ஜெட்டோடு குழாயில் இணைத்தால் தீ சோர்ந்துவிடும். துளையின் பரப்பு ஏறக்குறைய இரு மடங்காக வேண்டும்.

இதற்காகச் சிலர் பழைய ஜெட்டையே துளையிட்டுப் பெரிதாக்கிவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். துளை சற்றுக் கோணினாலும் தீ ஒரு பக்கமாகத் தூக்கி எரியும். பெரிதாக்கியதை மறுபடி சிறிதாக்கவும் வழியில்லை. அந்த அடுப்புக்கென்றே வரும் குழாய் எரிவாயு ஜெட்டைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். கழற்றிய ஜெட்டுகளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சயானிலிருந்து திருநெல்வேலிக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பம், மாற்றிய அடுப்பை அப்படியே கொண்டுபோய்ச் சிலிண்டரில் மாட்டிவிட்டது. "அண்ணே, தீ மஞ்சளாகப் பாத்திரத்தைச் சுற்றி மேலே வருகிறது, அடியெல்லாம் கரி" என்று அந்த அம்மா தொலைபேசியில் சொன்னார். உடனே சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறக்கச் சொன்னேன். பெரிய துளையில் சிலிண்டர் வாயு அளவுக்கு மீறிப் பாய்கிறது. அதற்கு ஈடான காற்று பர்னருக்குள் சேர்வதில்லை. அரைகுறையாக எரிவதால்தான் கரி படிகிறது. கூடவே கார்பன் மோனாக்சைடும் உண்டாகும். அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை. அடைத்த சமையலறையில் ஆளையே கொன்றுவிடும். நல்லவேளை, அவர் கரியைப் பார்த்துப் பயந்தார்.

ஜெட்டை மாற்றியதோடு வேலை முடியாது. காற்று வரும் வழியைச் சரிசெய்து, தீ நீலமாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு சிம்மில் வைத்து, சமையலறைக் கதவைத் திறந்து மூட வேண்டும்; அப்போது தீ அணைந்தால் சிம் சரியாக அமையவில்லை. இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்க்க வேண்டும். தீக்குச்சியைக் கொளுத்திக் கசிவு தேடுபவரை அடுத்த நிமிடமே வெளியே அனுப்புங்கள்.

கசியும் விதமும் வேறு. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். மீத்தேன் லேசானது, கூரைப் பக்கம் சேரும்; ஆகவே குழாய் எரிவாயு உள்ள வீட்டில் மேல் ஜன்னலையும் காற்றுப் போக்கியையும் அடைக்கவே கூடாது.

பழைய ஜெட்டுகளை ஒரு சிறு உறையில் போட்டு, 'சிலிண்டருக்கு' என்று எழுதி, எரிவாயு ரசீதுகளோடு வையுங்கள். அடுப்பின் அடியிலும் 'குழாய் எரிவாயு ஜெட்' என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். அடுப்பு ஊருக்குப் போகும் நாளில் அந்த உறையும் கூடப் போகட்டும்; அங்கே மெக்கானிக் வந்து ஜெட்டை மாற்றிய பிறகு சிலிண்டரைத் திறக்கலாம்.