மோராகிப்போன கரைசல்

"அக்கா, கரைசல் மோர் மாதிரி ஆகிவிட்டது" என்றான் சேலத்திலிருந்து எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி. பெங்களூரில் ஜூலை மாதச் சாரல். கண்ணாடிமேல் ஒரே ஒரு மூலக்கூறு உயரத்துக்குப் படலம் படியவைக்கும் கரைசல் அது. மார்ச்சில் இதே சிலேன் (படலமாகப் படியும் சிலிக்கான் சேர்மம்), இதே டொலுயீன் (அதைக் கரைக்கும் திரவம்), இதே அளவுதான். அப்போது கரைசல் பளிங்காகத் தெளிந்திருந்தது. இந்த மோரில் முக்கியெடுத்த கண்ணாடித் துண்டை, நுண்ணிய ஊசியால் பரப்பின் மேடுபள்ளத்தைத் தடவிக் காட்டும் அணுவிசை நுண்ணோக்கியில் வைத்தோம். சமமாக இருக்கவேண்டிய பரப்பில் அம்மைக் கொப்புளம் போலத் திட்டுத்திட்டாக மேடுகள்.

கண்ணாடி பெரும்பாலும் சிலிக்கா, அதாவது ஆக்சைடு. சிலிக்கானுக்கும் அலுமினியத்துக்கும் காற்றுப் பட்டாலே மேலே ஓர் ஆக்சைடுத் தோல் படர்ந்துவிடும். அதில் ஹைட்ராக்சில் குழுக்கள் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடிகள்) நீட்டிக்கொண்டிருக்கும். நன்கு நீரேறிய சிலிக்காவில் சதுர நானோமீட்டருக்கு ஏறக்குறைய 5. அவற்றில் மூலக்கூறுகளை நாற்று நட்டதுபோல நெருக்கமாக ஊன்றவேண்டும், அவ்வளவுதான் வேலை. எங்கள் நாற்று ஆக்டாடெசில் ட்ரைக்ளோரோசிலேன்: அடியில் 3 குளோரினைத் தாங்கிய சிலிக்கான், மேலே 18 கார்பன் சங்கிலி. நட்டு முடித்தால் உயரம் சுமார் 2.5 நானோமீட்டர். இப்படிக் கண்ணாடிமேல் ஒழுங்கான ஓரடுக்குப் படலம் அமையும் என்று யாகோப் சாகிவ் 1980இல் காட்டினார்.

சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. குளோரின் கழன்றால்தான் மூலக்கூறு வேர் பிடிக்கும்; கழற்றுவது தண்ணீர். கண்ணாடிமேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் நீரே அதற்குப் போதும். அதையும் ஒட்ட உலர்த்திவிட்டால் படலம் அங்கங்கே சொட்டையாகிவிடும். மாறாக, கரைசலுக்குள்ளேயே ஈரம் புகுந்தால் மூலக்கூறுகள் கண்ணாடியைத் தொடும் முன்பே ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். கொதிநீரில் ரவையை மொத்தமாகக் கொட்டியதுபோலக் கட்டி தட்டும். மோராகத் தெரிந்தது அந்தக் கட்டிகள்தான். அவையே கண்ணாடியில் வந்து உட்கார்ந்துவிட்டன.

அதனால் இப்போது மழைக்காலம் முழுக்க நைட்ரஜன் நிரப்பிய கிளவ் பாக்ஸுக்குள்தான் (கையுறை பொருத்திய மூடிய பெட்டி) முக்குகிறோம். டொலுயீனின் ஈரத்தை முன்கூட்டியே எடுத்துவிடுகிறோம். அறை வெப்பம் 28 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். தாண்டினால் சங்கிலிகள் நிமிர்ந்து நிற்காமல் தளர்ந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் பெங்களூர் எங்கள் பக்கம்.

கண்ணாடிக்குப் பதில் அலுமினியம் ஆக்சைடாக இருந்தால் இத்தனை பாடு வேண்டாம், சிலேனை விட்டுப் பாஸ்போனிக் அமிலத்தையே நாற்றாக எடுப்பேன். அது தன் இனத்தோடு பிணைந்து கட்டி தட்டாது. ஆனால் கண்ணாடியில் அதன் பிடி தண்ணீர் பட்டால் நெகிழ்ந்துவிடும்.

தம்பிக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. கெட்டுப்போன துண்டின்மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்திருக்கிறான். துளி பரவாமல், நல்ல படலத்தில் நிற்பதுபோலவே 110 டிகிரித் தொடுகோணத்தில் (துளியின் விளிம்பு பரப்போடு சேரும் கோணம்) உருண்டையாக நின்றிருக்கிறது. "பிறகு எப்படிக் கெட்டது என்கிறீர்கள்?" என்றான். துண்டைச் சாய்க்கச் சொன்னேன். கீழ் விளிம்பு முன்னே புடைத்தது, மேல் விளிம்பு ஒரு திட்டைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தது. சமமான படலத்தில் அப்படிப் பிடித்துக்கொள்ளத் திட்டு இருக்காது.