பனிக் அட்டாக்: தாக்குதல் அல்ல, வெருட்சி

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒருவர் "அட்டாக் வந்திட்டுது" என்றால் அது மாரடைப்புத்தான். அந்தச் சொல்லுக்கு அங்கே வேறு பொருள் கிடையாது. ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, "இருதயம் நல்லாய்த்தான் இருக்கு, இது பனிக் அட்டாக்" என்று வைத்தியர் சொல்லி அனுப்பினாலும், வீட்டுக்குப் போகிறவர் காதில் நிற்பது இரண்டாவது சொல் மட்டுமே. அடுத்த நாள் ஊர் முழுக்க "அவருக்குச் சின்ன அட்டாக் ஒண்டாம்" என்று கதை போகும். நோயாளியும் நம்பிவிடுவார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாழத் தொடங்குவார். அந்தப் பயமே அடுத்த தடவைக்கு வித்து.

திடீரென்று எழுந்து, சில நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு தானாகவே தணிகிற கடும் பயத்தைத்தான் மருத்துவம் பனிக் அட்டாக் என்கிறது. நெஞ்சிடி, மூச்சு முட்டல், வியர்வை, நடுக்கம், தலைச்சுற்று, விரல் நுனியில் விறைப்பு, 'சாகப்போறன்' என்ற எண்ணம், 'பைத்தியம் பிடிக்கப் போகுது' என்ற எண்ணம் என்று அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேடு 13 அறிகுறிகளைச் சொல்லும். அவற்றில் குறைந்தது நான்கு சேர்ந்து வரவேண்டும். அந்தக் கையேட்டில் இது தனி நோயாக ஏறியது 1980இல்தான். அதற்கு முன்பும் ஆட்களுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நின்ற படையினரிடம் இருதய நோய் எதுவும் இல்லாமலே நெஞ்சிடியும் மூச்சு முட்டலும் இருந்ததை டா கொஸ்டா என்ற வைத்தியர் 1871இல் எழுதி வைத்தார்.

பனிக் என்ற சொல் கிரேக்கத்தில் பிறந்தது. பான் என்பது இடையர்களின் தெய்வம், ஆட்டுக்கால், ஆட்டுக்கொம்பு. காட்டிலும் மலையிலும் திரியும். உச்சிப்பொழுதில் உறங்கும் பான் தெய்வத்தை எழுப்பிவிடக்கூடாது என்று இடையர்கள் அஞ்சினார்கள். உச்சி வெயிலுக்குள் தனியே காட்டுப்பக்கம் போகாதே, முனி அடிக்கும் என்று சொல்லிக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. மேய்ந்துகொண்டிருந்த மந்தை காரணமே இல்லாமல் கலைந்து ஓடினால் அது பானின் வேலை. இரவில், பகைவர் எவரும் வராதபோதே பாசறை முழுக்கக் கிலி பிடித்துக் குழம்பினால் அதுவும் பானின் வேலை. கிரேக்கத்திலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இந்தச் சொல்லின் கருவில் கிடப்பது 'கண்ணுக்குத் தெரிந்த காரணம் இல்லாத அச்சம்' என்பதுதான்.

இடையில் ஒன்று. பழந்தமிழில் 'பனி' என்பதற்கு நடுக்கம், அச்சம் என்ற பொருளும் உண்டு, பனித்தல் என்றால் நடுங்குதல். 'பனிக்' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் 'பனிப்பு' என்ற தமிழ்ச் சொல்லுக்கும் உறவு கட்ட ஆசைவரும். ஒலி மட்டுந்தான் ஒத்துப்போகிறது, வேர் வேறு. இந்த மாதிரி ஒற்றுமையைக் கண்டவுடனே 'எல்லாம் தமிழிலிருந்து போனது' என்று கிளம்புவது எனக்கு ஒவ்வாது.

தமிழில் 'பீதித் தாக்குதல்' என்று பலர் எழுதுகிறார்கள். பீதி வடசொல், அதனால் கேடு ஒன்றுமில்லை. என் வழக்கு 'தாக்குதலோடு'தான். வன்னியில் தாக்குதல் என்றால் ஷெல், கிபிர் போர்விமானம், முகாம். வெளியிலிருந்து வருவது, பங்கருக்குள் இறங்கினால் தப்பலாம் என்பது. இந்த நோயோ உள்ளிருந்து எழுவது, பதுங்கப் பதுங்கக் கூடுவது. 2009 வரைக்கும் அந்தச் சொல்லைக் காதால் கேட்டு ஓடியவர்களிடம், உனக்குள்ளே தாக்குதல் நடக்கிறது என்று சொல்வது மருந்தாகுமா? மேலும், தமிழில் நோய் தாக்குவதைவிட வருவதும் எடுப்பதும் இழுப்பதுந்தான் இயல்பு. வலிப்பு வரும், வலி எடுக்கும், முட்டு இழுக்கும்.

ஈழத்து உளநல எழுத்தில் 'பதகளிப்பு' என்ற நல்ல சொல் வேரூன்றியிருக்கிறது. ஆனால் அது நாட்கணக்காய், மாதக்கணக்காய் நீளும் மனக்கலக்கத்துக்கும் பொதுச்சொல். இந்தத் திடீர் எழுச்சியைக் குறிக்க நான் எடுப்பது 'வெருட்சி'. பட்டி மாடு வெருண்டு ஓடுவதை வன்னியில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை, கிரேக்க இடையன் கண்டதும் அதையேதான். வெருள், வெருட்டு, வெருட்சி எல்லாம் ஒரே குடும்பம். வயலில் வைக்கோலும் பழைய சேட்டுமாய் நின்று குருவியை ஓட்டும் வெருளியும் அந்தக் குடும்பம்தான். அச்சத்துக்குத் தொல்காப்பியம் சொல்லும் காரணங்கள் நான்கு: அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன்). வெருட்சியில் இந்த நான்கில் ஒன்றுகூட எதிரில் நிற்பதில்லை.

அப்படியானால் எதனால் வருகிறது? மூளையின் ஆழத்தில் இருக்கும் அமிக்டலா ஆபத்தை உணர்ந்ததும் அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு இடிக்கும், மூச்சு விரையும், தசை முறுகும். யானை எதிர்ப்பட்டால் இவ்வளவும் வேண்டும். ஆனால் யானைக்கென்று வேலிக் கம்பியில் கட்டிய தகரப்பேணிகள் காற்றுக்கும் சத்தம் போடும். இந்த ஏற்பாடும் அப்படித்தான். மூச்சை வேகவேகமாக இழுத்து விடும்போது இரத்தத்தில் கரியமிலவாயு குறைகிறது. அதனால் மூளைக்குப் போகும் குருதிக்குழாய்கள் ஒடுங்கித் தலை சுற்றும், விரலும் உதடும் விறைக்கும். காற்றுப் போதவில்லை என்று நினைத்து இன்னும் வேகமாக இழுப்பார், விறைப்பு இன்னும் கூடும். உடம்பின் இந்த மாற்றங்களைச் சாவின் அறிகுறியாக மனம் பிழையாக வாசிப்பதுதான் வெருட்சியை உச்சத்துக்கு ஏற்றுகிறது என்று பிரித்தானிய உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் விளக்கினார். "நெஞ்சு இடிக்குது" என்பதோடு நின்றால் அது இடி மட்டும். "நெஞ்சு நிக்கப் போகுது" என்று மனம் ஒரு படி தாண்டும்போது அட்ரினலின் இன்னொரு தரம் இறங்கும்.

அந்தப் பேணிகள் சிலருக்கு ஏன் இலேசாக ஆடுகின்றன என்பதற்குப் பல காரணங்கள் சேரும். பரம்பரை ஒரு பங்கு. நித்திரை இல்லாத இரவுகள், வெறும் வயிற்றில் குடிக்கும் கடும் சாயத் தேத்தண்ணி, முதல்நாள் குடித்த சாராயம் இறங்கும் விடியற்காலை, நுண்கடன்காரர் வரும் கிழமை, காணாமல்போன பிள்ளையைப் பற்றி முடிவில்லாத காத்திருப்பு. நித்திரையில் இருந்தே வெருண்டு எழும்புகிறவர்களும் உண்டு.

எல்லாவற்றையும் போரின் கணக்கில் எழுதிவிடுவதும் பிழை. ஹெலிகொப்டர்ச் சத்தத்துக்கோ, திருவிழா வெடிக்கோ ஒருவர் வெருண்டால் அதற்குத் தூண்டல் தெரிகிறது. கெட்ட கனவும் பழைய காட்சிகளும் கூடவே வந்தால் அது நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடு நோயாக இருக்கலாம், அதற்குரிய சிகிச்சை வேறு. எந்தத் தூண்டலும் இல்லாமல் திரும்பத் திரும்ப வந்து, 'அடுத்தது எப்ப வரும்' என்ற பயத்தில் வவுனியா பஸ்ஸில் ஏறுவதையே விட்டுவிட்டால், அதுவே வெருட்சி நோய். போருக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கும் வரும்.

தைரொயிட் மிகுதி, சீனி குறைதல், இருதயத் துடிப்புக் கோளாறு, இரத்தச்சோகை ஆகியவையும் இதே வேடத்தில் வரும். ஆகவே முதல் தடவை நெஞ்சு நொந்தால் வெருட்சி என்று தானே முடிவுகட்டி இருக்கக்கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸில் போகவேண்டும். இருதயத்தில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்த கதை. எண்ணத்தையும் நடத்தையையும் திருத்தும் உளச்சிகிச்சை இதற்கு நன்றாகவே வேலைசெய்கிறது, தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல உதவி கிடைக்கும். வெருட்சி எழும்பும்போது மூச்சை இழுப்பதைவிட மெதுவாக விடுவதில் கவனம் வைக்கவேண்டும். முகத்தில் கடதாசிப் பையைக் கவிழ்த்து மூச்சுவிடும் பழைய வைத்தியம் இன்று பரிந்துரைக்கப்படுவதில்லை.

கிளினிக் கொப்பியில் 'பனிக் அட்டாக்' என்றே எழுதியிருக்கட்டும், இன்னொரு வைத்தியர் வாசிக்க அது வேண்டும். வீட்டில் கேட்டால் "வெருட்சி வந்தது, இப்ப இறங்கிட்டுது" என்று சொல்லலாம். நோயின் பெயர் வெருட்சி நோய், ஒரு தடவை வருவது வெருட்சி, வினை வெருளுதல்.