பழைய சொகுசு எஸ்யூவியை எஞ்சின் ஆறியிருக்கும்போது பாருங்கள்

பழைய சொகுசு எஸ்யூவி ஒன்றைப் பார்க்கப் போகுமுன் விற்பவரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: முந்தைய இரவே வண்டியைச் சமதரையில் நிறுத்திவிட்டு, நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாமல் இருக்கட்டும். இந்த வண்டிகளின் பெருஞ்செலவுப் பழுதுகள் பல, எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். ஐந்து நிமிடம் ஓடிவிட்டால் மறைந்துவிடும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் சோதனையை இன்னொரு நாளுக்குத் தள்ளிவைப்பதே நல்லது.

முதலில் ஏர் சஸ்பென்ஷன். எஃகு ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஒவ்வொரு சக்கரத்துக்கும் காற்று அடைத்த ஒரு ரப்பர் பை. வண்டி ஏறி இறங்கும்போது பையின் கீழ்ப்பகுதி உள்நோக்கி மடிந்து விரியும். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் மடிவதால் அங்கே மயிரிழை வெடிப்புகள் விழும். கசிவு சிறியதாக இருக்கும்வரை ஓட்டுபவருக்குத் தெரியாது. உயர சென்சார் தாழ்வைக் கவனிக்கும், கம்ப்ரஸர் ஓடி நிரப்பிவிடும். ஆனால் அந்தக் கம்ப்ரஸர் கொஞ்ச நேரம் ஓடி, நின்று, ஆறும்படி செய்யப்பட்டது. அடிக்கடி ஓட நேர்ந்தால் அதன் பிஸ்டன் வளையம் தேயும். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர் மணிகள் நனைந்துபோய், காற்றைப் பைகளுக்குப் பிரித்தனுப்பும் வால்வு பிளாக் வரை ஈரக்காற்று போகும். கம்ப்ரஸருக்கு மின்சாரத்தைத் தந்து நிறுத்தும் ரிலேயும் ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடிக் கருகும். கம்ப்ரஸரை மட்டும் மாற்றி விற்பவர்கள் உண்டு. கசியும் பை அப்படியே இருந்தால் புதுக் கம்ப்ரஸரும் அதே வழியில் போகும்.

சோதிக்க ஒரு அளவு டேப் போதும். கதவைத் திறக்கும் முன்பே அளந்துவிடுங்கள், ஏனென்றால் சில வண்டிகள் கதவு திறந்ததுமே உயரத்தைச் சரிசெய்யத் தொடங்கும். சக்கர மையத்திலிருந்து மட்கார்டு வளைவின் விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இடத்துக்கும் வலத்துக்கும் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் தாழ்ந்த பக்கத்தைச் சந்தேகிக்கலாம். நான்கும் சமமாக இருந்தாலும் உடனே நம்ப வேண்டாம். சில மாடல்களில் நிறுத்திய பிறகும் கட்டுப்பாட்டுக் கணினி விழித்தெழுந்து, தாழ்ந்த மூலைக்கு இணையாக மற்ற மூன்றையும் இறக்கிவிடும். அந்த மாடலின் இயல்பு உயரம் எவ்வளவு என்று முன்பே தெரிந்துவைத்திருந்தால் இதில் ஏமாற மாட்டீர்கள்.

அடுத்து முதல் ஸ்டார்ட். சாவியை விற்பவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பானெட் அருகில் நில்லுங்கள். எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைப்பது டைமிங் செயின். அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் இயங்குகிறது. இரவில் அதிலிருந்து ஆயில் வடிந்துவிடக்கூடும். காலையில் அழுத்தம் ஏறும்வரை தளர்ந்த செயின் பிளாஸ்டிக் கைடுகளில் அடிக்கும். ஒரு நொடி சலசலப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று நொடி நீண்டால் செயின் நீண்டிருக்கிறது, அல்லது கைடு தேய்ந்திருக்கிறது. உடைந்த கைடுத் துண்டுகள் எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் விழுந்து ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைத்தால் எஞ்சினே போகும். 2007இல் வந்த பிஎம்டபிள்யூ என்47 டீசல் எஞ்சினிலும், ஆடி க்யூ7இன் 4.2 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சினிலும் செயின் கியர்பாக்ஸ் பக்கம், அதாவது எஞ்சினின் பின்புறம் இருக்கிறது. பாகத்தின் விலை பெரிதில்லை, அதை எட்டிப் பிடிக்க ஆகும் கூலிதான் பெரிது. வண்டியின் கணினியில் பதிவான பழுது எண்களை (கோடுகளை) படிக்கும் ஸ்கேனரில் பி0016 போன்ற கேம்ஷாஃப்ட்-கிராங்க்ஷாஃப்ட் ஒத்திசைவுக் கோடு வந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடலாம்.

பெட்ரோல் வண்டியானால் பத்து நிமிடம் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, பிறகு ஆக்ஸிலரேட்டரை அழுத்தச் சொல்லிப் புகையைப் பாருங்கள். நீலப்புகை குபீரென்று வந்தால் வால்வு சீல்கள் இறுகிவிட்டன. ஐடிலில் இன்டேக் பக்கம் உண்டாகும் வெற்றிடம் ஆயிலை உறிஞ்சிச் சேர்த்துவைத்த விளைவு அது. 2008இல் வந்த பிஎம்டபிள்யூ என்63 வி8இல் இரண்டு டர்போக்களும் சிலிண்டர் வரிசைகளின் வி வடிவத்துக்கு நடுவே உட்கார்ந்திருக்கின்றன. அந்தச் சூடு சுற்றியுள்ள ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் சீக்கிரம் முதுமையாக்கும். ஆயில் குடிப்பதற்கு இந்த எஞ்சின் பேர்போனது.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் விஷயத்தில் மூக்கை நம்பலாம், இனிப்பு வாடை வந்தால் எங்கோ கசிகிறது. முதல் தலைமுறை போர்ஷே கயென் வி8இல் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் பிளாஸ்டிக் கூலண்ட் குழாய்கள் ஓடுகின்றன. அவை வெடிப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அலுமினியக் குழாய்கள் போட்ட பில் இருக்கிறதா என்று கேளுங்கள். எந்த வண்டியானாலும், ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே ரேடியேட்டர் ஹோஸ் கல்லாக இறுகினால் ஹெட் கேஸ்கெட் வழியாக சிலிண்டருக்குள் எரிந்த வாயு கூலண்டில் கலக்கிறதோ என்று பார்க்க வேண்டும்.

இனி ஓட்டிப் பார்க்கலாம், அரை மணி நேரத்துக்குக் குறையாமல். கியர்பாக்ஸ் ஆயில் 'ஆயுள் முழுதும் மாற்ற வேண்டாம்' என்று விற்பவர் சொன்னால் அது விளம்பரப் பேச்சு. இந்த வண்டிகளில் பரவலாக இருக்கும் கியர்பாக்ஸ்களைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. ஆயிலில் உள்ள உராய்வு வேதிப்பொருள்கள் தீர்ந்துபோனால் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரின் லாக்-அப் கிளட்ச் விட்டுவிட்டுப் பிடிக்கும். 60–80 கி.மீ. வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக வைத்து ஓட்டுங்கள். வரிவரியான வேகத்தடைமேல் போவதுபோல் ஒரு நடுக்கமும், ஆர்பிஎம் முள்ளில் சின்ன ஆட்டமும் வந்தால் அதுதான். ஆரம்ப நிலையென்றால் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினாலே சரியாகலாம். இசட்எஃப்பின் 6, 8 கியர் பெட்டிகள் பலவற்றில் பிளாஸ்டிக் ஆயில் பேனோடு ஃபில்டர் ஒட்டியே வருவதால் முழுப் பேனையும் மாற்ற வேண்டும்.

பிறகு காலியான இடத்தில் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக வட்டமடியுங்கள். முன், பின் சக்கரங்கள் அப்போது வெவ்வேறு வேகத்தில் உருள வேண்டும். எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் கிளட்ச் அதற்காக வழுக்கிக் கொடுக்கும். வண்டி இழுத்து இழுத்துத் துள்ளினால் கிளட்ச் பிடித்துக்கொள்கிறது. பெரும்பாலும் பழைய ஆயில், அல்லது முன்னும் பின்னும் ஒத்துப்போகாத டயர்கள். ஒரு ஜோடி புதியது, மறு ஜோடி தேய்ந்தது என்று 3 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே கிளட்ச் நேர்ச்சாலையிலும் ஓயாமல் வழுக்கித் தேயும். ஆகவே டயர் ஆழத்தைப் பார்ப்பது வெறும் டயர் செலவுக் கணக்கு மட்டுமல்ல.

டீசலில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் துகள் வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். குறுந்தூரமே ஓடிய வண்டியில் அந்தச் சுத்தம் பாதியில் நின்றுபோகும், அதற்காகத் தெளித்த டீசல் சம்ப்பில் இறங்கும். ஆயில் அளவு மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் காரணம் இதுதானோ என்று யோசியுங்கள்.

சன்ரூஃப் இருந்தால் முன் இருக்கைகளின் கார்பெட்டை அழுத்திப் பாருங்கள். வடிகால் குழாய் அடைத்தால் தண்ணீர் அங்கேதான் தேங்கும். இருக்கைக்கு அடியில் இருக்கும் மின்னணுப் பெட்டிகள் நனைந்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பழுதுகள் வரும்.

ஸ்கேனரைக் கடைசியில் மாட்டுங்கள். பழுதுக் கோடு ஒன்றும் இல்லை என்பது மட்டும் நல்ல செய்தி ஆகாது. வண்டியின் கணினி தானே செய்துகொள்ளும் 'ரெடினஸ்' சோதனைகள் முடியவில்லை என்று காட்டினாலோ, கோடுகளை அழித்த பின் ஓடிய தூரம் சில பத்து கிலோமீட்டராக இருந்தாலோ, அண்மையில் யாரோ அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். சோதனைகள் எல்லாம் முடிந்ததாகக் காட்டும்வரை விற்பவரே வண்டியை ஓட்டட்டும். அதன் பின் மறுபடி படித்துப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.