அப்பாரு கேமராவில் லென்ஸ் கழலவில்லையா? எண்ணெயை எடுக்காதீங்க

அட்டாலியிலிருந்து இறக்கிய பழைய ஃபிலிம் கேமராவில் லென்ஸ் அசையவில்லை என்றதும் கை முதலில் தேடுவது தையல் மிஷின் எண்ணெயைத்தான். திருப்பூர், ஈரோடு பக்கம் அது எல்லா இடத்திலும் கிடைக்கும். அந்த ஒரு சொட்டுதான் நல்ல லென்ஸைக் கெடுக்கிறது. எண்ணெய் உள்ளே இறுகிக் கிடக்கும் கிரீஸை இளக்கி, உலோகத்தின் மேலேயே ஊர்ந்து, லென்ஸுக்குள் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் அபெர்ச்சர் இலைகளுக்குப் போய்ச் சேரும். காகிதம்போல மெல்லிய அந்த இலைகள் நனைந்த தாள்கள் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு லென்ஸை முழுவதும் பிரித்துக் கழுவினால்தான் சரியாகும்.

முதலில் அந்த லென்ஸ் கழலக்கூடியதுதானா என்று பாருங்க. 1966-இல் வந்த யாஷிகா எலக்ட்ரோ 35, ரெட்டைக் கண் யாஷிகா மேட், ஆக்ஃபா க்ளிக் 3 எல்லாம் லென்ஸ் உடம்போடு சேர்ந்தே வந்தவை. அவற்றை முறுக்கினால் உடையும், அவ்வளவுதான்.

கழலும் வகை என்றால் அடுத்தது திசை. கேமராவின் முகம் உங்களைப் பார்க்கிற மாதிரி பிடியுங்க. நிக்கானில் லென்ஸைப் பூட்டியிருக்கும் முள்ளை விடுவிக்கிற பொத்தானை அழுத்திக் கடிகார முள் திசையில் திருப்ப வேண்டும். பென்டாக்ஸ் கே வகையில் அதற்கு எதிர்த்திசை. பழக்கதோஷத்தில் நிக்கானை மாற்றித் திருப்பி இறுக்கிவிடுகிறவர்கள் நிறைய. பழைய கேனன் எஃப்டி லென்ஸில் பின்னால் இருக்கும் வெள்ளி வளையத்தை மட்டும் திருப்பணும், லென்ஸ் சுழலாது. ஸெனிட் போன்றவற்றில் வரும் எம்42 வெறும் மரைதான், 42 மில்லிமீட்டர் விட்டம். பொத்தானைத் தேட வேண்டாம்.

திசை சரியாக இருந்தும் வரவில்லையென்றால் பெரும்பாலும் பூட்டு முள்தான் காரணம். லென்ஸின் பளு பக்கவாட்டில் அந்த முள்ளை நெருக்குவதால் பொத்தானை அழுத்தினாலும் முழுசாக உள்ளே போகாது. அதனால் லென்ஸை முதலில் மாட்டும் திசையில் ஒரு மயிரிழை திருப்பி, உடம்போடு சேர்த்து அழுத்திக்கொண்டே பொத்தானை அமுக்குங்க. பிறகு கழற்றும் திசைக்குக் கொண்டுபோங்க. பலமுறை இது ஒன்றே போதும்.

எங்கே பிடிக்கிறோம் என்பதும் முக்கியம். முன்பக்க ஃபோகஸ் வளையத்தைப் பிடித்து முறுக்கினால் விசை முழுவதும் உள்ளே இருக்கும் தடுப்புகளில் விழும். லென்ஸ் உடம்போடு பூட்டிக்கொள்ளும் வளையமான மவுண்டுக்கு ஒட்டினாற்போல் இருக்கும் அசையாத பாகத்தில், சைக்கிள் டியூபில் ரெண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டிய பட்டையைச் சுற்றி, அஞ்சு விரலாலும் சமமாகப் பிடியுங்க. இடுக்கி வேண்டவே வேண்டாம்.

மவுண்டைச் சுற்றியுள்ள திருகுகளைத் தொடாதீங்க. அவை பார்க்கச் சாதாரண பிளஸ் திருகு போலத்தான் இருக்கும். ஆனால் ஜப்பான் கேமராக்களில் அது ஜேஐஎஸ் என்ற ஜப்பான் தர அளவு வகை. நம்மூர் ஸ்க்ரூடிரைவர் திருகின் தலையை அரித்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, சில கேமராக்களில் மவுண்டின் அடியில் இருக்கும் மெல்லிய தகடுகள். பென்டாக்ஸ் கே கேமராவில் மவுண்டுக்கும் ஃபிலிமுக்கும் 45.46 மில்லிமீட்டர் தூரம் இருக்க வேண்டும். ஒரு தகடு தவறினால் ஃபோகஸே தப்பிவிடும். கோயமுத்தூர் லேத் பட்டறையில் எதையும் கடைந்து தருவார்கள். லென்ஸின் வளையங்களைக் கழற்றும் லென்ஸ் ஸ்பானர் செய்து வாங்கலாம், கேமராவைக் கொடுத்துவிட்டு வராதீங்க.

லென்ஸ் கழன்று வருகிறது, ஃபோகஸ் வளையம்தான் இறுகியிருக்கிறது என்றால் அது கிரீஸ் கெட்ட கோளாறு. உள் மரைகளைப் பூட்ட ஆரம்பிக்கும் இடம் ஒன்றல்ல, பல தொடக்கங்கள் உண்டு. பிரித்தவர் எந்த இடத்தில் விடுபட்டது என்று குறித்துவைக்காமல் வேறு தொடக்கத்தில் பூட்டினால் தூரத்துப் பொருள் தெளிவாக விழாது. அதைத் தெரிந்தவரிடம் விடுங்க.

இவ்வளவும் செய்யும் முன் ரீவைண்ட் குமிழை அம்புக்குறி திசையில் மெதுவாகச் சுற்றிப் பாருங்க. சிறிது தூரத்தில் கை தடைபட்டால் உள்ளே ரோல் இருக்கிறது, பின்கதவைத் திறக்காதீங்க. லென்ஸ் கழலாவிட்டாலும் ரோலை மீட்கலாம். அடியில் இருக்கும் ரீவைண்ட் பொத்தானை அமுக்கி, தடை விட்டுப்போகிற வரை சுற்றினால் போதும். கறுப்பு வெள்ளை ரோல் என்றால் பல வருஷம் கழித்தும் அதில் உருவம் கிடைப்பதுண்டு.