மைலோமா: எலும்பில் வலி, சிறுநீரகத்தில் சேதம்

கோத்தகிரிப் பக்கம் தேயிலை பறிக்கும் என் பெரியம்மா, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கொடுத்த ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: “வலி இடுப்பெலும்புல. அதுக்கு எதுக்குக் கண்ணு ஒரு நாள் பூராம் ஒன்னுக்கைக் கேன்ல புடிச்சுத் தரச் சொல்றாங்க?” ஃபைலில் இருந்த பெயர் ‘மல்டிபிள் மைலோமா’, எலும்பு மஜ்ஜையில் வரும் ஒரு வகைப் புற்றுநோய்.

கிரேக்கத்தில் ‘மியெலோஸ்’ என்றால் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. ‘ஓமா’ என்ற ஈறு கட்டியைக் குறிக்கும். ஒரே ஆளின் எலும்புகளில் பல கட்டிகளைக் கண்ட ருஸ்டிட்ஸ்கி என்ற மருத்துவர், 1873இல் இந்தப் பெயரை வைத்தார். மியெலோஸுக்குத் தண்டுவடம் என்ற பொருளும் உண்டு. போலியோவின் முழுப் பெயரான போலியோமைலிட்டிஸில் இருப்பது அதுதான்.

இந்த நோயைத் தமிழில் எப்படிச் சொல்வது? நம் ‘மூளை’யும் இப்படி இரு பொருள் கொண்ட சொல்தான். சித்த மருத்துவம் சொல்லும் ஏழு உடற்தாதுக்கள் சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம். இதில் என்புக்கு அடுத்து வரும் மூளை, தலைக்குள் இருப்பதல்ல. நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சுகிறோமே, அது. ஆனால் இன்று ‘மூளைப் புற்று’ என்று எழுதினால் கேட்பவர் தலையைத்தான் தொட்டுப் பார்ப்பார். வடமொழி மஜ்ஜையைத் தமிழாக்கிய ‘மச்சை’யைக் கொண்டு ‘எலும்பு மச்சைப் புற்று’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஒரு குறை உண்டு: ரத்தப் புற்றான லுக்கேமியாவும் மச்சையில்தான் தொடங்குகிறது. மைலோமாவில் கெட்டுப்போவது நோயெதிர்ப்புப் புரதம் செய்யும் பிளாஸ்மா செல்கள் மட்டும். அதனால் முதல் முறை எழுதும்போது பிளாஸ்மா செல்லையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

இந்தப் பெயர் எலும்பைச் சொல்கிறது, சிறுநீரகத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. பெரியம்மாவின் கேள்வி அங்கேதான் நிற்கிறது. 1845இல் லண்டன் மளிகை வியாபாரி ஒருவரின் சிறுநீர், ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவரிடம் பரிசோதனைக்குப் போனது. அதிலிருந்த புரதம் சூடாக்கினால் திரிந்தது, கொதிக்கவிட்டால் கரைந்தது, ஆறினால் மறுபடி திரிந்தது. அது பிளாஸ்மா செல்கள் அளவுக்கு மீறிச் சுரக்கும் ‘லைட் செயின்’, அதாவது நோயெதிர்ப்புப் புரதத்தின் ஒரு சிறு பகுதி, என்று 1962இல் தெளிவானது. இந்த ‘லைட்’ எடையைக் குறிப்பது. ‘ஒளிச் சங்கிலி’ என்று பெயர்ப்பது பிழை. எடை குறைந்த சங்கிலி என்க.

சிறிய புரதம் என்பதால் அது சிறுநீரக வடிகட்டியைத் தாண்டிவிடும். தாண்டியபின் நுண்குழாயில் அங்கே இயல்பாகச் சுரக்கும் இன்னொரு புரதத்தோடு ஒட்டி இறுகி அடைத்துக்கொள்கிறது. குழாயின் வடிவத்திலேயே இறுகுவதால் இந்த அடைப்புக்கு ‘காஸ்ட்’ என்று பெயர். தமிழில் ‘வார்ப்பு’ அச்சாகப் பொருந்துகிறது: அச்சில் வார்த்த வெண்கலம் அச்சின் வடிவத்தையே எடுக்கும். ‘காஸ்ட் நெஃப்ரோபதி’யை ‘வார்ப்படைப்புச் சிறுநீரக நோய்’ என்று எழுதலாம். எலும்பு கரைந்து ரத்தத்தில் ஏறும் கால்சியமும் உடல் நீரை இழக்கவைத்துச் சேதத்தைக் கூட்டும். சிறுநீரில் பட்டையைத் தோய்த்துப் பார்க்கும் சாதாரணச் சோதனை பெரும்பாலும் ஆல்புமின் என்ற புரதத்தைத்தான் காட்டும், லைட் செயின் அதில் தப்பிவிடும். அதற்காகத்தான் அந்தக் கேன்.

மலையில் இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. குளிரில் தாகம் தெரியாது, காலையிலிருந்து இரண்டு டீயோடு தோட்டத்தில் நிற்பவர்கள் நிறையப் பேர். இடுப்பு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். நீர் வற்றிய உடலில், லைட் செயின் நிறைந்த குழாய்களில், வார்ப்பு இன்னும் வேகமாக இறுகும். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். ஸ்கேனுக்கு ஊசியில் ஏற்றும் சாயமும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் அதற்கு முன்பும் நோயின் பெயரைச் சொல்லிவிட வேண்டும்.

பெரியம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, சுருக்குப் பையிலிருந்து பாதி தீர்ந்த ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். “இது அந்த மாத்திரையான்னு படிச்சுச் சொல்லு.”

டைக்ளோஃபெனாக்தான்.